நெருப்புக்குச்சி எரிகிற நேரம்

லின்ஃபீல்ட், ஒக்லண்ட்
17 மார்ச் 1996

அன்புள்ள அண்ணிக்கு,

பொங்கலுக்கு நீங்கள் எழுதிய கடிதம் மாசி முடியத்தான் கைக்கு வந்தது. உறையைப் பிரித்து மறுபடி ஒட்டியிருக்கிறார்கள். யார் படித்தார்களோ, ஷாமளா ஓ.எல். சோதனைக்குப் படிக்கிறாள் என்று இப்போது அவர்களுக்கும் தெரியும்.

சுற்றி வளைத்தால் உங்களுக்குப் பிடிக்காது. நேரே விஷயத்துக்கு வருகிறேன். கிளென்ஃபீல்டில் ஜெயரட்ணம் என்று ஒரு மலேசியக்காரர் இருக்கிறார், விசா அலுவல்கள் பார்ப்பவர். உங்களையும் ஷாமளாவையும் இங்கே எடுப்பது பற்றி அவரிடம் கதைத்தேன். "அண்ணன் சம்சாரத்தைக் கொண்டு வர்றது சுலபமில்ல தம்பி. ஆனா விதவைன்னா மனிதாபிமான அடிப்படையில கேட்டுப் பார்க்கலாம். டெத் சர்டிபிகேட் இல்லாம நான் ஃபைலைத் திறக்கவே முடியாது" என்றார். பிள்ளை இருபது வயதுக்குள் என்றால் தாயோடு சேர்த்துக் கேட்கலாமாம். அதற்குப் பிறகு அவள் தனி, நீங்கள் தனி.

ஒரு வருடத்துக்கு மேல் தகவல் இல்லாதவர்களுக்கு மரணச் சான்றிதழ் கொடுக்க அங்கே புதுச் சட்டம் வந்திருக்கிறது என்கிறார்கள். அண்ணாவைக் கூட்டிக்கொண்டு போய் ஆறு வருடமாகிறது. கோபிக்காமல் யோசியுங்கள். இது ஒரு கடதாசி மட்டும்தான்.

நான் சுகம். மனுகாவில் ஒரு பண்டகசாலையில் வேலை. குடியிருப்பது ஒரு ஹங்கேரியக் கிழவர் வீட்டின் பின் அறையில். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் தன் கராஜில் அரசியல் கூட்டம் வைக்கிறார். நானும் அதில் குந்தியிருக்கிறேன். சிரிக்காதீர்கள், பிறகு எழுதுகிறேன்.

அன்புடன்
கவிநேசன்

---

வவுனியா
22 மே 1996

தம்பி கவி,

உம்முடைய கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். மூன்றாம் தரம் படித்தால் கிழித்துவிடுவேன் என்று மடித்து வைத்துவிட்டேன்.

"ஒரு கடதாசி மட்டும்தான்" என்று எழுதியிருக்கிறீர். அதில் கையெழுத்து யார் போடுவது? நீரா? நான். உம்முடைய அண்ணாவை யார் கொண்டுபோனார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கொன்றார்களா என்றும் தெரியாது. தெரியாத ஒன்றை நான் போய்ப் பதிவாளருக்கு முன்னால் இருந்து நடந்தது என்று சொல்ல வேணுமா? அவர்கள் செய்தார்களோ இல்லையோ, என்னைச் செய்து முடிக்கச் சொல்கிறீர்.

அவரைத் தேடி முகாம் முகாமாக நான் அலைந்தபோது கொழும்பில் நீர் பெட்டி கட்டிக்கொண்டிருந்தீர். அதை நான் இவ்வளவு காலமும் சொன்னதில்லை. இன்றைக்குச் சொல்ல வைத்துவிட்டீர். உமக்கு அந்தப் பயணத்தை ஒழுங்கு செய்தவரே அவர்தான் என்பதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. இருந்தாலும் மனம் ஆறவில்லை. அந்த ஜெயரட்ணத்துக்கும் எங்களில் என்ன அக்கறை? ஆடு நனைகிறது என்று ஓநாய் அழுத கதை.

நான் ரீச்சர் என்பதை மறந்துபோனீர் போல. என் வகுப்பு இடாப்பில் பாதிப் பிள்ளைகள் இடம்பெயர்ந்து எங்கெங்கோ போய்விட்டார்கள். பள்ளிக்கூட அதிபர் அவர்களுடைய பெயர்களை வெட்டச் சொல்கிறார். நான் வெட்டுவதில்லை. காலையில் எல்லாப் பெயரையும் கூப்பிடுகிறேன். போன மாதம் ஒரு பிள்ளை திரும்பி வந்தாள். அவளுடைய பெயர் இடாப்பில் அப்படியே இருந்தது. அவள் முகத்தை நீர் பார்த்திருக்க வேணும்.

வாசல் படலையை நான் இன்னும் பூட்டுவதில்லை. விளக்கு வைக்கிற நேரம் வாசற்படியில் செருப்பை இரண்டு தரம் தட்டுகிற சத்தம் கேட்கும். அவர் கட்சி வேலை முடித்து வந்து மண்ணைத் தட்டுவாரே, அதே தட்டல். எழும்பிப் போய்ப் பார்த்தால் ஒருவரும் இல்லை. ஷாமளாவுக்குக் கேட்பதில்லை. எனக்குப் பைத்தியம் என்று நீரும் நினைத்துக்கொள்ளும்.

ரதிதேவி

---

லின்ஃபீல்ட்
25 ஓகஸ்ட் 1996

அன்புள்ள அண்ணி,

பதில் எழுத இவ்வளவு நாள் எடுத்ததற்குக் காரணம் வெட்கம்தான். நீங்கள் எழுதியதில் ஒரு சொல்லைக்கூட மறுக்க என்னால் முடியாது. சான்றிதழ் கதையை விடுகிறேன்.

வேறு கதை சொல்கிறேன். இடாப்பைப் பற்றி நீங்கள் எழுதியதிலிருந்து இது என் மண்டைக்குள் நிற்கிறது.

வீட்டுக்காரரின் பெயர் பாலாஷ் இஷ்ட்வான். பாலாஷ் என்பது குடும்பப் பெயர். எங்களைப் போலவே தகப்பன் வழிப் பெயரை முதலில் எழுதுகிறார்கள். ஆனால் இவர் ஹங்கேரியில் பிறந்தவரில்லை. யூகோஸ்லாவியாவின் வடக்கே ஒரு மாகாணம் இருக்கிறதாம், செர்பியருக்குள்ளே ஹங்கேரியர் சிறுபான்மையாக வாழுகிற இடம். அங்கே அவர்கள் தங்களுக்கென்று ஒரு கட்சி தொடங்கினார்கள். இவர் தன்னுடைய சின்ன ஊருக்குக் கிளைச் செயலாளர். கேட்டது என்ன தெரியுமா? பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் பள்ளிக்கூடம். தெருப்பலகையில் இரண்டு மொழி. எங்களை எங்கள் ஊரில் விருந்தாளி என்று சொல்லாதே என்பது. தேர்தல் மேடையில் அண்ணா தொண்டை கிழியக் கத்தியது இதைத்தானே அண்ணி? முதல்நாள் இவர் சொல்லக் கேட்டபோது எனக்கு மயிர் கூச்செறிந்தது.

தொண்ணூற்றோராம் ஆண்டு சண்டை வந்ததும் அந்த ஊர் ஹங்கேரியப் பெடியளுக்குப் படையில் சேரச் சொல்லிக் கட்டளை வந்தது. யாரோடோ யாரோ பிடிக்கிற சண்டைக்கு எங்கள் பிள்ளைகளை அனுப்ப மாட்டோம் என்று கட்சி சொன்னது. அரசாங்கம் துரோகி என்றது. சொந்த ஆட்களில் சிலர், இவ்வளவுதானா உங்களுடைய வீரம் என்று கேட்டார்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. கிளை சிதறிப்போனது. சிலர் எல்லை தாண்டி ஓடினார்கள், சிலரைப் பிடித்துச் சண்டைக்கு அனுப்பிப் பெட்டியில் திருப்பிக் கொடுத்தார்கள், சிலருக்கு என்ன நடந்தது என்றே தெரியாது. கிழவர் இங்கே மகளிடம் வந்து சேர்ந்தார்.

வந்தவர் சும்மா இருக்கவில்லை. கிளை கலைக்கப்படவில்லை, ஆகவே கூட்டம் நடக்க வேணும் என்கிறார். கராஜில் காரை வெளியே விட்டுவிட்டு, பிளாஸ்ரிக் கதிரைகளை வரிசையாகப் போடுவார். ஒவ்வொரு உறுப்பினருக்கும் ஒரு கதிரை. செயலாளர் தனியே கூட்டம் நடத்தினால் செல்லாதாம், சாட்சிக்கு ஒருவர் வேணும். மனைவி மார்கிட் முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிட்டா, "நான் கதிரைகளோட குந்தி அரசியல் கதைக்க மாட்டன்." ஆகவே வாடகைக்கு இருக்கிற தமிழன் சாட்சி. கூட்டம் முடிய மார்கிட் கசகசா வைத்துச் சுருட்டிய கேக் தருவா. உண்மையைச் சொன்னால் நான் முதலில் போனது அதற்காகத்தான்.

இனித்தான் விஷயம். அவர் பெயர் கூப்பிடுவார். முதலில் தன்னுடைய பெயரை. "யெலென்" என்று தானே பதில் சொல்வார். இருக்கிறேன் என்று அர்த்தம். பிறகு மற்றவர்கள். ஓடிப்போய் எங்கேயோ உயிரோடு இருக்கிறவன் என்றால் ஊரின் பெயரைச் சொல்லி அடுத்ததற்குப் போவார். செத்தவன் என்று உறுதியாகத் தெரிந்தால் நாங்கள் இருவரும் எழும்பி நின்று அவனுக்காக "யெலென்" சொல்ல வேணும். செத்தவன் இனி எங்கேயும் போக மாட்டான், இங்கேதான் இருப்பான் என்கிறார்.

என்ன ஆனான் என்று தெரியாதவனுக்கு ஒருவரும் பதில் சொல்லக் கூடாது. அவர் ஒரு நெருப்புக்குச்சியை உரசிப் பிடிப்பார். அது விரலைச் சுடும் மட்டும் காத்திருப்போம். அவனே வந்து சொல்லட்டும் என்று. பிறகு அடுத்த பெயர்.

பட்டப்பகல் அண்ணி, வெளியே பக்கத்து வீட்டுக்காரன் புல் வெட்டுகிற சத்தம். இருந்தாலும் அந்தக் குச்சி எரிகிற நேரம் என்னால் கதிரைகளை நிமிர்ந்து பார்க்க முடிவதில்லை.

கவி

---

வவுனியா
3 டிசம்பர் 1996

தம்பி கவி,

உம்முடைய கிழவரை எனக்குப் பிடித்திருக்கிறது. என் அதிபருக்கு அவருடைய புத்தியில் கால்வாசி இருந்தால் போதும். ஷாமளாவுக்கும் வாசித்துக் காட்டினேன். "சித்தப்பா பேய்க் கட்சியில சேர்ந்திட்டார்" என்று சிரித்தாள்.

நீர் எழுதாமல் விட்ட ஒன்று எனக்கு விளங்குகிறது. அவருடைய பெயரை அந்தக் கராஜில் கூப்பிட வேணும் என்று உமக்கு ஆசை. வேண்டாம். அவர் செத்தவர் நடுவில் போய் இருக்க வேண்டியவரில்லை. கேட்டு நடவும்.

ரதிதேவி

---

லின்ஃபீல்ட்
9 மார்ச் 1997

அன்புள்ள அண்ணி,

உங்கள் கடிதம் வருவதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமையே, அண்ணாவின் பெயரையும் கூப்பிடச் சொல்லி நான் கேட்டுவிட்டேன். தபால் பிந்தியதற்கு நான் பொறுப்பில்லை. ஆனால் முந்தி வந்திருந்தாலும் கேட்டிருப்பேன், அதற்கு நான்தான் பொறுப்பு.

கிழவர் முதலில் மறுத்தார். "இது ஹங்கேரியர் கட்சி" என்றார். எனக்கு வந்ததே கோபம். இவ்வளவு காலம் முன்பின் தெரியாத உங்கள் ஆட்களுக்காக எழும்பி நின்று பதில் சொன்னேனே, அப்போது நான் ஹங்கேரியனா என்று கேட்டுவிட்டு அறைக்குப் போய்விட்டேன். ஒரு மாதம் இரண்டு பேரும் முகம் பார்க்கவில்லை. மார்கிட் எனக்குச் சாப்பாட்டைக் கதவடியில் வைத்துவிட்டுப் போனா.

அடுத்த கூட்டத்துக்கு நான் போகவில்லை. அவரே வந்து கதவைத் தட்டினார். "உன்ர அண்ணன் கட்சியில என்ன பதவி?" என்று கேட்டார். கிளைச் செயலாளர் என்றேன். "அப்ப அவர் உறுப்பினர் இல்லை. சகோதரக் கட்சியின்ர பிரதிநிதி. அவருக்கு என்னருகில கதிரை" என்றார். போய்ப் பார்த்தேன். பிளாஸ்ரிக் கதிரை இல்லை, வீட்டுக்குள்ளிருந்து கொண்டு வந்த, மெத்தை வைத்த மரக்கதிரை.

நான் பதில் சொல்லவில்லை அண்ணி. சத்தியமாகச் சொல்லவில்லை. அவர் "தம்பிராசா மகேசன்" என்று தட்டுத்தடுமாறி வாசித்தார். நெருப்புக்குச்சியை உரசினார். காத்திருந்தோம். அவ்வளவுதான்.

நான் அழுதேன். இங்கே வந்த பிறகு அண்ணாவுக்காக அழுதது அன்றைக்குத்தான். அவருடைய பெயரை இன்னொரு மனிதர் சத்தமாகச் சொல்லிக் கேட்டு எத்தனை காலமாகிவிட்டது.

கவி

---

வவுனியா
14 செப்டெம்பர் 1998

தம்பி கவி,

நீண்டகாலம் எழுதவில்லை. கோபம் என்று நினைத்திருப்பீர். முதலில் கோபம்தான். பிறகு கோபத்தை விடப் பெரிய விஷயங்கள் வந்துவிட்டன.

ஷாமளாவைச் சோதனைச் சாவடியில் இரண்டு தரம் பஸ்ஸால் இறக்கி மறித்து வைத்துவிட்டார்கள். இரண்டாம் தரம் நான் போய் அடையாள அட்டையைக் காட்டிக் கெஞ்சிக் கூட்டி வந்தேன். வீட்டுக்கு வந்து குளித்தாள், குளித்தாள், கிணறு வற்றும் மட்டும் குளித்தாள். என்ன நடந்தது என்று கேட்டேன். "ஒண்டும் நடக்கேல்லை அம்மா, கேள்விதான் கேட்டவங்கள்" என்கிறாள். நம்புகிறேன். நம்பத்தானே வேணும். இன்னொரு பக்கத்தால், சண்டைக்கென்று வீட்டுக்கு ஒரு பிள்ளை தரச் சொல்லி ஆட்கள் வந்து கதைத்துவிட்டுப் போகிறார்கள். மத்தளம் என்று எழுதினீரே, இங்கே பிள்ளைதான் மத்தளம்.

அவளுக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது. நீர் முதற் கடிதத்தில் எழுதிய கணக்கு எனக்குத் தெரியும். பகலில் நான் ஒரு தாய், நாளைக்கே பதிவாளரிடம் போகலாம் என்று நினைக்கிறேன். விளக்கு வைத்ததும் செருப்புச் சத்தம் கேட்கிறது. அப்போது நான் ஒரு பெண்சாதி. நான் பூட்டிவிட்டு வந்தால், அவர் வந்து படலையில் நின்று யாரைக் கூப்பிடுவார்? சொல்லும். பிள்ளையைப் பலி கொடுத்துவிட்டுப் புருஷனுக்குக் காவல் இருக்கிறேன் என்று எனக்கே என்மேல் வெறுப்பாக இருக்கிறது.

அவளை மட்டும் தனியே எடுக்க வழி இருக்கிறதா என்று கேட்டு எழுதும்.

குச்சி இன்னும் எரிகிறதா?

ரதிதேவி

---

லின்ஃபீல்ட்
9 மே 1999

அன்புள்ள அண்ணி,

ஷாமளாவைத் தனியே எடுக்க வழி இல்லை என்று போன வருடமே எழுதினேன். அந்தக் கடிதம் கிடைத்ததோ தெரியாது. ஜெயரட்ணத்தை மறுபடியும் போய்ப் பார்த்தேன். "தாயோட சேர்ந்து வந்தா வழி இருக்கு தம்பி, ஆனா நாள் இல்ல" என்கிறார்.

இன்று எழுதுவது வேறொன்று. எழுதலாமா வேண்டாமா என்று ஒரு வாரமாக யோசித்துவிட்டு எழுதுகிறேன்.

பாலாஷ் காலமாகிவிட்டார். மார்ச் கடைசியில் மேற்கு நாட்டுக்காரர் அவருடைய நாட்டின் மேல் குண்டு போடத் தொடங்கினார்கள். கிழவர் தொலைக்காட்சியை விட்டு எழும்பவில்லை. ஏப்ரல் தொடக்கத்தில் அவருடைய ஊருக்குப் பக்கத்து நகரத்தில், ஆற்றுப் பாலம் விழுந்து கிடப்பதைக் காட்டினார்கள். "அந்தப் பாலத்தாலதான் கட்சிக் கூட்டத்துக்குப் போறனாங்கள்" என்றார். இரண்டு வாரத்தில், கதிரையில் இருந்தபடியே போய்விட்டார்.

மே மாதக் கூட்டத்தை நடத்துவதா விடுவதா என்று எனக்குத் தெரியவில்லை. கடைசியில் நானே கதிரைகளைப் போட்டேன். ஒரு ஹங்கேரியனும் இல்லாத ஹங்கேரியர் கட்சிக் கூட்டம். அண்ணா இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்.

முதற்பெயர் அவருடையதுதானே. "பாலாஷ் இஷ்ட்வான்" என்று கூப்பிட்டேன். எப்போதும் அவரே பதில் சொல்லிக் கேட்ட பழக்கம். சத்தம் இல்லை. எழும்பி நின்று "யெலென்" சொல்ல வேண்டியவன், என்ன செய்கிறேன் என்று தெரியாமல் நெருப்புக்குச்சியை உரசிவிட்டேன். ஒரு மனிதரைக் குழியில் இறக்கி மண்ணும் போட்டுவிட்டு, காணாமற்போனவரைப் போலக் காத்துக்கொண்டு நிற்கிறேன்.

வீட்டுக்குள்ளிருந்து வருகிற கதவு திறந்தது. மார்கிட். கையில் கோப்பை துடைக்கிற துணி. இத்தனை வருடத்தில் அந்தக் கராஜுக்குள் கூட்ட நேரத்தில் கால் வைக்காத மனுஷி. நேரே வந்து என் கையைப் பிடித்து, குச்சியை ஊதி அணைத்தா. அவருடைய கதிரையின் முதுகில் கையை வைத்துக்கொண்டு "யெலென்" என்று சொன்னா. அழவில்லை. பிள்ளையை நித்திரையாக்கிவிட்டுச் சொல்லுகிற மாதிரி மெதுவாகச் சொன்னா. பிறகு ஒரு கதிரையில் இருந்துகொண்டு, மேலே வாசி என்று கையைக் காட்டினா.

எல்லாப் பெயரும் முடிந்து கடைசியாக அண்ணாவின் பெயர். கூப்பிட்டேன். குச்சியை உரசினேன். வாசல் இரும்புக் கதவு பாதி திறந்திருந்தது. வெளியே மழை இல்லை, காற்று இல்லை.

வாசற்படியில் செருப்பை இரண்டு தரம் தட்டுகிற சத்தம் கேட்டது அண்ணி.

நான் தலையைத் திருப்பவில்லை. திருப்பப் பயம். மார்கிட் திரும்பிப் பார்த்துவிட்டு, "ஆரோ வந்து நிக்கினம், உள்ள வரச் சொல்லு" என்றா. குச்சி விரலைச் சுட்டது. நான் எழும்பிப் போய்ப் பார்த்தேன். ஒருவரும் இல்லை.

உங்களை வரவழைக்க நான் கட்டிய கதை என்று நினைப்பீர்கள். நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பேன். நடந்ததை எழுதியிருக்கிறேன். முடிவு உங்களுடையது.

கவி

---

வவுனியா
20 ஜூன் 1999

தம்பி கவி,

முப்பது வருடமாகப் பிள்ளைகளின் பொய்யைக் கேட்டுச் சம்பளம் வாங்குகிறவள் நான். உம்முடைய கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, இது பொய்யா என்று நெடுநேரம் பார்த்தேன். பொய் என்றால் அது உமக்கும் உம்முடைய அண்ணாவுக்கும் இடையில். நான் கேட்க மாட்டேன்.

ஆனால் உமக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. நான் ஒருவருக்கும் சொல்லவில்லை, ஷாமளாவுக்கும் சொல்லவில்லை. மே மாதம் தொடங்கியதிலிருந்து இங்கே அந்தச் சத்தம் இல்லை. முதல்நாள் மழை என்று நினைத்தேன். அடுத்தநாள் என் காதுதான் பழுது என்று நினைத்தேன். விளக்கை வைத்துவிட்டு வாசற்படியில் போய் இருந்து பார்த்தேன். நாய் குரைத்தது, ஆமி வாகனம் போனது, வேறொன்றும் இல்லை. ஒன்பது வருடமாக இல்லாத அமைதி. அதுதான் என்னைப் பயப்படுத்தியது. எங்கே போனார் என்று நான் தவித்துக்கொண்டிருக்கும்போது உம்முடைய கடிதம் வருகிறது.

அவர் எப்போதும் அப்படித்தான். எங்கேயாவது போவதென்றால் முன்னால் போய் இடம் பார்த்துவிட்டுத்தான் எங்களைக் கூப்பிடுவார்.

வியாழக்கிழமை பதிவாளரிடம் போனேன். இறந்த இடம் எது என்று அந்தப் பெடியன் கேட்டான். தெரியாது என்றேன். கையெழுத்துப் போடும்போது என் கை நடுங்கவில்லை. அதை நினைத்து வீட்டுக்கு வந்து அழுதேன். ஷாமளா என் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பிரதியை இத்துடன் அனுப்புகிறேன். உம்முடைய ஜெயரட்ணத்திடம் கொடும். ஓநாய் என்று எழுதியதை அவருக்குச் சொல்ல வேண்டாம்.

நேற்று முதன்முதலாகப் படலையைப் பூட்டினேன். துருப்பிடித்த பூட்டு, எண்ணெய் விட்டுத்தான் பூட்ட வேண்டியிருந்தது. பள்ளிக்கூட இடாப்பை மட்டும் வெட்டவில்லை. எனக்குப் பிறகு வருகிற ரீச்சரிடம், எல்லாப் பெயரையும் கூப்பிட வேணும் என்று சொல்லி ஒப்படைக்கப் போகிறேன்.

மார்கிட்டுக்கு என் அன்பைச் சொல்லும். நாங்கள் இருவரும் எந்த மொழியில் கதைக்கப் போகிறோமோ தெரியாது, ஆனால் கதைப்போம்.

இனி நான் சொல்வதைக் கவனமாகக் கேளும். நாங்கள் வரும் மட்டும் கூட்டத்தில் அவருடைய பெயரைக் கூப்பிட வேண்டாம். கதிரையை மட்டும் அந்த இடத்திலேயே வைத்திரும். வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும். நெருப்புப்பெட்டியைக் கையில் எடுக்காதையும். நீரும் பதில் சொல்லாதையும். நான் அந்தக் கதிரைக்குப் பின்னால் நிற்பேன். அந்த ஹங்கேரியச் சொல் என் வாயில் வராது. தமிழில்தான் சொல்லுவேன்.

"இருக்கிறார்."

ரதிதேவி